முப்பது ரூபாய்க் கணக்கர்: கணித மேதை இராமானுஜன்



பரிசளிப்பு விழா மலரென்றால் அதில் ஒரு பெரியவரின் வரலாறு இடம்பெறுவது வழக்கம். இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பவர் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவர். ஆனால் கல்லூரித் தேர்வில் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை தோற்றவர். அவர்தான் சீனிவாச இராமானுஜன். பெயரை அறியாதவர் இல்லை. ஆனால் அவர் போட்ட ஒரு கணக்குக்கும், இங்கே நாம் வீடு வாங்கும்போது கையெழுத்துப் போடுகிற ஒரு பத்திரத்துக்கும் உறவு உண்டு என்பதை அறிந்தவர் சிலரே. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

கும்பகோணத்துப் பிள்ளை

1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள், தாய்வழிப் பாட்டனார் வீட்டில், ஈரோட்டில் பிறந்தார் இராமானுஜன். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தகப்பனார் சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கு எழுதியவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பாடுபவர். வரும்படி குறைவு, வாய் அதிகம். நம்மில் பலருடைய வீட்டுக் கதையும் இதுதானே!

1897-இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். டவுன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, சுமார் பதினாறு வயதில், கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு நூல் அவர் கைக்குக் கிடைத்தது. ஏறக்குறைய 5,000 முடிவுகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, நிறுவும் வழியைப் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிற நூல் அது. வேறொரு பையனாக இருந்தால் மூடி வைத்திருப்பான். இவரோ ஒவ்வொன்றையும் தாமே போட்டுப் பார்த்தார். காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

1904-இல் பள்ளியின் கணிதப் பரிசு அவருக்கே கிடைத்தது. கல்லூரிக்கு உதவித்தொகையும் வந்தது. அங்கேதான் சோதனையும் தொடங்கியது. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகை போயிற்று. 1905-இல் வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்கே போய்விட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எப்.ஏ. தேர்வு எழுதினார். 1906-இல் தோல்வி, 1907-இல் தனியாக எழுதியும் தோல்வி. அந்தக் காலத்தில் எப்.ஏ. தேறாதவனுக்குப் பட்டமும் கிடையாது, நல்ல உத்தியோகமும் கிடையாது. ஊர் வாய் சும்மா இருந்திருக்குமா?

கதவு தட்டிய நாட்கள்

1909-இல், அக்கால வழக்கப்படி, பத்து வயதான ஜானகியை அவருக்கு மணமுடித்து வைத்தார்கள். இனி சம்பாதித்தாக வேண்டும். நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை தேடி அலைந்தார். 1910-இல் திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயரைக் கண்டு, ஒரு குமாஸ்தா வேலையாவது தருமாறு வேண்டினார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அந்த ஐயர். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இப்படிப்பட்டவனைத் தாலுகா ஆபீசில் அடைத்துவிடக் கூடாதென்று எண்ணி, சென்னையிலிருந்த கணித அன்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் சில காலம் மாதந்தோறும் தம் பணத்திலிருந்து உதவினார். சும்மா பணம் வாங்குவது இராமானுஜனுக்குப் பிடிக்கவில்லை.

1912 மார்ச் 1-ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். துறைமுகத்தால் வாழ்ந்த ஊர் நம் சிங்கப்பூர். சரக்குக் கணக்கு எழுதிய தமிழர்கள் இங்கும் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவரைப் போல்தான் இருந்திருப்பார் அவரும். ஆனால் அவருடைய மேலாளர் நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர். மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் இந்தக் கணக்கருக்காகப் பரிந்து பேசினார்.

அந்த ஒரு கணக்கு

அந்நாட்களில் அவர் கண்ட முடிவுகளில் ஒன்று, 1914-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்களுக்கான வினாவாக வெளிவந்தது. மாணவர்களே, கால்குலேட்டரை எடுங்கள், நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

முதற் பகுதி ஒரு கூட்டல்: 1 + 1/3 + 1/15 + 1/105 + 1/945 என்று போகும். கீழே இருப்பவை 1, 1×3, 1×3×5, 1×3×5×7 என்று ஒற்றைப்படை எண்களின் பெருக்கல். எட்டு உறுப்புகளைக் கூட்டினாலே 1.4106861 வந்துவிடும்.

இரண்டாம் பகுதி படிக்கட்டு போல் இறங்கும் பின்னம். மேலே 1. அதன் கீழே 1, கூட்டல் இன்னொரு பின்னம். அந்தப் பின்னத்தின் மேலே 1, கீழே மறுபடியும் 1, கூட்டல் அடுத்த பின்னம். அதன் மேலே 2, அதற்கடுத்ததன் மேலே 3, பிறகு 4. இப்படி முடிவில்லாமல் இறங்கினால் 0.6556795 என்ற எண்ணை நெருங்கும்.

இரண்டும் தனித்தனியே பார்த்தால் பிடி கொடுக்காத எண்கள். கூட்டிப் பாருங்கள்: 2.0663656. இப்போது வட்டத்துக்குரிய 3.14159-ஐயும், தொடர் வளர்ச்சிக்குரிய 2.71828-ஐயும் பெருக்கி, பாதியாக்கி, வர்க்கமூலம் எடுங்கள். அதே எண் வந்து நிற்கும்! படிக்கட்டுப் பின்னத்தை லப்லாஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் நூறாண்டுக்கு முன்பே அறிந்திருந்தார். அதைக் கூட்டலோடு சேர்த்து, இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்பதை இத்தனை அழகாகக் காட்டியவர் நம் முப்பது ரூபாய்க் கணக்கர்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். நம் பேட்டையிலிருந்தே சொல்லலாம். மறுவிற்பனை வீடு வாங்கினவங்களுக்குத் தெரியும், முதலில் ஒரு பத்திரம் போடணும். வாங்குபவர் ஒரு வெள்ளியிலிருந்து ஆயிரம் வெள்ளிக்குள் ஒரு தொகை கொடுப்பார். 21 நாட்களுக்குப் பேசிய விலைக்கு அந்த வீட்டை வாங்கும் உரிமை அவருக்கு உண்டு. வாங்கியே தீர வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. விற்பவரோ கட்டுப்பட்டவர். வேண்டாமென்று விட்டால் கொடுத்த தொகை மட்டும் போகும். இப்படி உரிமையை மட்டும் விலைக்கு வாங்குவதுதான் ஆப்ஷன் என்பது. பங்கு, நாணயம், எண்ணெய் என்று பலவற்றுக்கும் சந்தையில் இந்த உரிமை விற்கப்படுகிறது.

அந்த உரிமைக்கு என்ன விலை வைப்பது? 1900-இல் பாரிசில் பஷெலியே என்பவர் இதைக் கணக்கிட முயன்றார். 1973-இல் பிளாக், ஷோல்ஸ், மெர்ட்டன் ஆகியோர் புகழ்பெற்ற சூத்திரத்தைத் தந்தார்கள். அதன் மையத்தில் இருப்பது மணி வடிவ வளைவு. ஆணிகள் அடித்த பலகையில் மேலிருந்து பயறு கொட்டினால் நடுவில் நிறையவும் ஓரங்களில் கொஞ்சமாகவும் குவியுமே, அந்த வடிவம். நடுவிலிருந்து ஓர் அளவு தூரத்துக்குள் எத்தனை பங்கு, அதற்கப்பால் எத்தனை பங்கு என்று தெரிந்தால்தான் விலை சொல்ல முடியும். ஆனால் அந்தப் பங்கை நேரடியாகச் சொல்லும் எளிய சூத்திரம் கிடையாது. சிறுகச் சிறுகக் கூட்டித்தான் எண்ணை நெருங்க வேண்டும்.

இராமானுஜன் கணக்கின் இரண்டு பகுதிகளும் இங்கேதான் வந்து பொருந்துகின்றன. வளைவு அந்த இடத்தில் எடுக்கும் உயரம் 0.24197. அதைக் கூட்டலின் விடையோடு பெருக்கினால் 0.3413. அதாவது நூற்றில் 34 பங்கு நடுவுக்கும் ஓர் அளவுக்கும் இடையில். படிக்கட்டுப் பின்னத்தோடு பெருக்கினால் 0.1587. நூற்றில் 16 பங்கு அதற்கப்பால், ஓரத்தில். இரண்டும் சேர்ந்தால் சரி பாதி. இன்றைக்கும் நடுப்பகுதிக்குக் கூட்டலும் ஓரத்துக்குப் படிக்கட்டுப் பின்னமும் பயன்படுத்தும் கணினி நிரல்கள் உண்டு. ஆப்ஷனைப் பற்றி இராமானுஜன் நினைத்ததே இல்லை; உண்மை எங்கே இருக்கிறதென்றுதான் தேடினார். பயன் பிற்பாடு வந்தது.

கணக்கு சரியாக இருந்தால் போதுமா என்றால், போதாது. ஓரத்தில் இருப்பது சிறு பங்குதானே என்று அசட்டையாக இருந்தவர்கள் உண்டு. 1995-இல், நம் சிங்கப்பூரிலேயே, பேரிங்ஸ் வங்கியின் ஊழியர் ஒருவர் ஜப்பானியப் பங்குக் குறியீடு பெரிதாக அசையாது என்று நம்பி ஆப்ஷன்களை விற்றார். அவ்வாண்டு ஜனவரியில் கோபே நகரில் நிலம் நடுங்கியது. சந்தை சரிந்தது. அவர் மேலும் மேலும் பந்தயம் கட்டி மறைக்கப் பார்த்தார். இருநூறு ஆண்டைத் தாண்டிய வங்கி கவிழ்ந்தது. எண்ணைக் கண்டவருக்கு இருந்த பணிவு, எண்ணை வைத்துப் பணம் பண்ணப் பார்த்தவருக்கு இல்லாமல் போயிற்று.

கடல் கடந்த வாழ்வு

1913 ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். எழுதியவர் சாதாரண ஆள் அல்ல என்பதை ஹார்டி கண்டுகொண்டார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. கடல் கடக்கக் கூடாதென்ற ஆசாரத்தைத் தாண்டி, 1914 மார்ச் 17-ஆம் நாள் கப்பலேறினார். தமக்குக் கிடைத்த தொகையில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு ஒதுக்கிவிட்டே போனார். ஊருக்குப் பணம் அனுப்பும் நம் தோழர்களுக்கு அந்த மனசு புரியும்.

போய்ச் சேர்ந்த சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. சைவச் சாப்பாட்டுக்குக் காய்கறி கிடைப்பதே அரிதாயிற்று. தானே சமைத்து, வேளை தவறிச் சாப்பிட்டு, குளிரில் வாடினார். 1916-இல் ஆராய்ச்சிக்காகப் பட்டம் கிடைத்தது, எப்.ஏ. தேறாதவருக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம்! 1917-இல் நோயில் விழுந்தார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரியின் பெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். புகழ் வந்தது, உடம்பு திரும்பவில்லை. 1919-இல் தாயகம் திரும்பி, படுக்கையில் இருந்தபடியே கணக்கு எழுதி, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னை சேத்துப்பட்டில் மறைந்தார். வயது 32. பங்கு ஆப்ஷன்களுக்கென்றே சிகாகோவில் முதல் சந்தை திறந்தது 1973-ஆம் ஆண்டின் அதே ஏப்ரல் 26-இல் என்பது தற்செயலாக அமைந்த ஒற்றுமை.

ஜானகி அம்மாள் தையல் வேலை செய்தும், கிடைத்த சொற்ப உதவித்தொகையைக் கொண்டும் வாழ்ந்து, 1994-இல் காலமானார். கணவருடைய கணக்குகள் உலகெங்கும் பயன்படும் காலத்தையும் அந்த அம்மையார் கண்டார். ஆனால் கணவரோடு வாழ்ந்த ஆண்டுகள் மிகச் சில.

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

இராமானுஜனைப் போல் எல்லாரும் ஆகிவிட முடியாது. ஒரு பாடத்தில் மட்டும் கெட்டிக்காரனாக இருந்தால் போதும் என்றும் நாம் சொல்லவில்லை. மற்றப் பாடங்களை விட்டதற்கு அவர் கொடுத்த விலை அதிகம். நாம் சொல்வது வேறு. தேர்வுத்தாள் அவரை இரண்டு தடவை தள்ளிவிட்டது. அவரைக் காப்பாற்றியவர்கள், அவருடைய நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்த நாலைந்து பேர். ஒரு துணைக் கலெக்டர், ஒரு கலெக்டர், ஓர் ஆபீஸ் மேலாளர், ஒரு தலைவர். அவர்கள் கதவைச் சாத்தியிருந்தால், ஹார்டிக்குக் கடிதம் போயே இருக்காது.

இன்றைக்கு மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளை மனமார வாழ்த்துவோம். பரிசு வாங்காத பிள்ளையும் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்குப் போனதும் மார்க்கு அட்டையைக் கேட்கும் முன்னால், அந்தப் பிள்ளையின் நோட்டை ஒரு தடவை திறந்து பாருங்கள். ஓரத்தில் என்ன கிறுக்கி வைத்திருக்கிறதென்று கேளுங்கள். புரியலைன்னா புரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. அதைச் செய்ய நமக்குப் பட்டம் வேண்டாம், பணமும் வேண்டாம்.