பழைய ஏடுகளைக் காத்த ரோஜா முத்தையா

கடை வைத்திருக்கும் நமக்குப் பழைய பத்திரிகை என்றால் பொட்டலம் மடிக்கும் காகிதம்தான். அந்தக் காகிதத்துக்காகவே ஆயுளைச் செலவிட்ட ஒருவரின் சரித்திரத்தை அறிந்தபோது நமக்கு வெட்கமாக இருந்தது.

காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரைச் சேர்ந்தவர் முத்தையா செட்டியார். விளம்பரப் பலகை எழுதுவது அன்னாரின் தொழில். சென்னையில் ‘ரோஜா’ என்ற பெயரில் கடை நடத்தியதால் அப்பெயரே அவரோடு ஒட்டிக்கொண்டது. (நம்மவர்களிலும் பலருக்குக் கடைப் பெயர்தான் பெயர், சொந்தப் பெயர் நிக்காஹ் பத்திரிகையில்தான் தெரியவரும்!)

தொழிலில் வந்த வருமானம் பழைய புத்தகக் கடைகளுக்குப் போயிற்று. நூல்களோடு மாத இதழ், வார இதழ், நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கலியாண அழைப்பிதழ் என்று பிறர் குப்பையில் தள்ளியதையெல்லாம் சேர்த்தார். பிறகு கோட்டையூருக்கே திரும்பி, கரையானும் ராமபாணப் பூச்சியும் அண்டாமல் அவற்றைப் பாதுகாப்பதே வேலையாக இருந்தார். ஆராய்ச்சி செய்வோர் அந்தச் சிற்றூரைத் தேடி வந்தார்கள்.

நல்ல நூலானால் மறுபதிப்பு வரும். பத்திரிகைக்கு அது ஏது? மாதம் முடிந்ததும் அதன் மதிப்பும் முடிந்தது. தொடர்கதையில் நடு இதழ் ஒன்று தொலைந்தால், பேரேட்டில் நடுத்தாள் கிழிந்த மாதிரி. முன்னும் பின்னும் இருந்தும் கணக்கு நேராகாது. ஆகையால்தான் இதழ்களைச் சேர்ப்பது நூல்களைச் சேர்ப்பதைவிடக் கடினம்.

1992ல் செட்டியார் காலமானார். அப்போது சேகரத்தில் ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள் இருந்தன. சில்லறையாகப் பிரிந்து போயிருந்தால் அத்தனை உழைப்பும் வீண். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமாக வாங்கியது. வாங்கியும் கப்பலேற்றவில்லை, சென்னையிலேயே வைத்து 1994ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை ஏற்படுத்தினார்கள். நைந்த தாள்களை மைக்ரோபிலிமில் படமெடுத்தார்கள். தரமணியில் இருக்கும் அந்நூலகத்தில் யாரும் சென்று படிக்கலாம். தமிழ் ஏடுகளுக்குச் சிகாகோவிலிருந்து பணம் வரவேண்டியிருந்ததே என்ற வருத்தம் நமக்கு உண்டு.

இனி நம் வீட்டு விஷயம். சங்க அலமாரியில் இம்மடலின் முதல் இரண்டாண்டு இதழ்கள் இல்லை. அவற்றில் சில நம் கடையிலேயே மிளகாய்ப் பொட்டலமாகப் போனதை ஒப்புக்கொள்கிறோம். நேயர்களிடம் பிரதி இருந்தால், கிழிந்ததானாலும் சரி, கடையில் கொடுங்கள். படியெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறோம்.