பவுண் காசின் சிற்பி

பழைய பவுண் காசு ஒன்று வீட்டுப் பெட்டகத்தில் இருக்குமாயின், அதனை எடுத்து ஒருமுறை உற்று நோக்குதல் நன்று. ஒரு புறத்தே ஆங்கில முடிமன்னர் ஒருவரின் முகம் காணப்படும். மறுபுறத்தே, பெரும்பாலும், குதிரையூர்ந்த வீரர் ஒருவர் வாளோங்கிச் சிறகுடை நாகமொன்றை வீழ்த்தும் காட்சி பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வீரர் இங்கிலாந்தின் காவற் புனிதரான ஜோர்ஜ் ஆவர். அக்காட்சியின் அடியில், ஆண்டைக் குறிக்கும் இலக்கத்தின் அருகே, கூர்ந்து நோக்கினாலன்றிப் புலப்படாத இரண்டு எழுத்துக்கள் பெரும்பாலான காசுகளில் உள. பொன்னை நிறுக்கும் அளவிற்கே அக்காசின் பெயரைச் சூட்டிவிட்ட நம்மவருள், அவ்வெழுத்துக்களுக்கு உரியவரை அறிந்தோர் மிகச் சிலரே. பெனெடெற்றோ பிஸ்துரூச்சி என்பது அவர் பெயர்.

1783 ஆம் ஆண்டில் உரோமாபுரியில் நீதிபதி ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். ஏட்டுக் கல்வி அவருக்கு இனிக்கவில்லை. பல நிறப் படைகள் கொண்ட கல்லைச் செதுக்கி, ஒரு நிறத்தின்மேல் மற்றொரு நிறத்தில் உருவம் புடைத்து நிற்கச் செய்யும் கேமியோச் சிற்பத் தொழிலையே அவர் நாடினார். பயிலுங் காலத்தில் சக மாணாக்கன் ஒருவனின் கத்திக்குத்துக்கு இலக்காகிப் படுக்கையிற் கிடந்தார். அந்நாள்களையும் வீணாக்காது, மெழுகில் உருவம் வனையத் தாமே கற்றுக்கொண்டார். இருபது வயதை எட்டுமுன்னரே தனித்துத் தொழில் நடத்தவும் இல்லறம் புகவும் தொடங்கிவிட்டார்.

அக்காலத்து ஐரோப்பியச் செல்வர்கள் பண்டைக் கிரேக்க, உரோமச் சிற்பங்கள்மீது தீராத மோகங் கொண்டிருந்தனர். இளஞ்சிற்பிகளின் வேலையை மலிவாக வாங்கி, பழம்பொருள் என்று கூறிப் பெருவிலைக்கு விற்கும் வணிகரும் பல்கியிருந்தனர். இச்சூழ்ச்சியை உணர்ந்த பிஸ்துரூச்சி, தாம் செதுக்கியவற்றில் எவரும் அறியாதவாறு ஓர் அடையாளக் குறி இடுவதை வழக்கமாகக் கொண்டார்.

அக்குறி ஒருநாள் பயன்பட்டது. 1815 ஆம் ஆண்டில் பாரிசில் தங்கியிருந்த அவர், அவ்வாண்டு முடிவில் இலண்டனை அடைந்தார். அங்கே தாவரவியல் அறிஞர் சேர் ஜோசப் பாங்ஸ் அவரை ஆதரித்தார். பாங்ஸின் இல்லத்தில் றிச்சட் பேய்ன் நைற் என்னும் புகழ்பெற்ற கலை இரசிகர், தாம் வாங்கிய புளோரா என்னும் மலர்த் தேவதையின் சிரம் பொறித்த கேமியோ ஒன்றைப் பழம்பெருஞ் சிற்பமெனப் பெருமிதத்தோடு காட்டினார். அதனைக் கண்ட பிஸ்துரூச்சி திடுக்குற்றார். உரோமாபுரியில் பொனெல்லி என்னும் வணிகருக்காகத் தம் கையாற் செதுக்கியதே அது. தம் இரகசியக் குறியையும் எடுத்துக் காட்டினார். நைற் ஏற்கவில்லை. தேவதை சூடிய மலர்கள் இக்காலத்தில் இல்லாத இனத்தவை என்று வாதித்தார். அவை வெறும் ரோசா மலர்களே என்றார் சிற்பி. தாவரவியல் அறிந்த பாங்ஸும் அதனையே கூறினார். ஆயினும் நைற் 1824 இல் இறக்கும்வரை தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவருடைய சேகரிப்போடு அக்கேமியோவும் பிரித்தானிய அரும்பொருளகத்தைச் சேர்ந்தது.

அந்நிகழ்ச்சி சிற்பியின் புகழைப் பரப்பிற்று. நாணயம் அச்சிடும் அரச அக்கசாலையின் தலைவராயிருந்தவர் வெலிங்டன் கோமகனின் தமையன் வெல்லெஸ்லி போல். அவர் புதிய நாணயங்களுக்கு உருவம் அமைக்கும் பணியைப் பிஸ்துரூச்சியிடம் ஒப்படைத்தார். 1817 இல் வெளிவந்த பொற்காசில் ஜோர்ஜ் குதிரையேறி நின்றார். அவ்வீரருக்கு மாதிரியாக அமர்ந்தவன் இலண்டன் விடுதியொன்றில் ஏவல் புரிந்த இத்தாலியன் என்பது வியப்பிற்குரியது. அடுத்த ஆண்டு கிரௌன் என்னும் பெரிய வெள்ளி நாணயத்தில் தம் குலப்பெயர் முழுவதையும் பொறித்தார் சிற்பி. அயல்நாட்டான் ஒருவனின் செருக்கு இது எனப் பலர் சீறினர். தம் புளோரா பிறருடையதாகப் போற்றப்பட்டதைக் கண்ட ஒருவர், தம் பெயரை ஒளிக்க விரும்பாததில் வியப்பென்ன?

அவரது பிறப்பே அவர்க்கு இடையூறாயிற்று. தலைமைச் செதுக்குநர் பதவி வெறிதாய்க் கிடந்தும், அந்நியர் என்பதால் அவர்க்குக் கிட்டவில்லை. பிறர் வடித்த உருவத்தைப் படியெடுப்பதில்லை என்ற உறுதி மற்றோர் இடையூறு. நான்காம் ஜோர்ஜ் மன்னர், சான்ட்றி என்னுஞ் சிற்பி வடித்த தம் உருவத்தை நாணயத்திற் பொறிக்க விரும்பியபோது, பிஸ்துரூச்சி இணங்கவில்லை. 1825 இல் புதிய வகைப் பவுண் எழுந்தது; குதிரை வீரர் அதில் இடம் பெறவில்லை. 1828 இல் தலைமைப் பதவி வில்லியம் வையனுக்குச் சென்றது.

வாட்டலூ வெற்றியைக் குறிக்கும் பதக்கமே அவரது நீண்ட தவம். நேச நாட்டு வேந்தர் நால்வருக்கும் தளபதியர் இருவருக்கும் வழங்கவெனத் தொடங்கிய அவ்வேலைக்கு ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழிந்தன. 1849 இல் அச்சுக்களை அவர் ஒப்படைத்தபோது வேந்தர் அனைவரும் மறைந்துவிட்டனர். வெலிங்டன் ஒருவரே உயிரோடிருந்தார். கடினப்படுத்தினால் வெடித்துவிடும் என்ற அச்சத்தால் அவ்வச்சுக்கள் எண்ணியவாறு பதக்கம் அடிக்கப் பயன்படவில்லை. 1855 செப்டெம்பரில், வின்சருக்கு அண்மையில், புளோரா என்ற பெயர் தாங்கிய தம் மனையிற் பிஸ்துரூச்சி காலமானார்.

மறைந்த பின்னர் அவர் படைப்பு மீண்டும் எழுந்தது. 1871 இல் பவுண் காசிலும், விக்டோரியா அரசியின் பொன்விழா ஆண்டான 1887 இல் வெள்ளிக் கிரௌனிலும் ஜோர்ஜ் திரும்பி வந்தார். அக்காலத்தில் நாணயங்களை எனாமல் பூசி அணிகலனாக்கும் மோகம் இங்கிலாந்திற் பரவியிருந்தது. பேமிங்காம் நகரக் கைவினைஞர் உருவத்தைச் சூழ்ந்த வெற்றிடத்தை நுண்ணிய உளியாற் குடைந்தனர். குடைந்த குழிகளிற் கண்ணாடித் தூளை நிரப்பினர். கோபால்ட்டு நீலத்தையும் செம்பு பச்சையையும் அதற்கு அளித்தன. பின்னர் உலையிலிட்டு உருக்கி, ஆறியதும் மெருகிட்டனர். வெள்ளி உருகுமுன் கண்ணாடி உருகவேண்டும். சற்றே வெப்பம் மிகின் அனைத்தும் பாழ். பிஸ்துரூச்சியின் குதிரை வீரர் அவர்கள் பெரிதும் விரும்பிய உருவங்களுள் ஒன்று. நீலப் பின்னணியில் அவர் ஒளிர, மறுபுறத்து அரசியின் முகத்தின்மேல் ஊசி பற்றவைக்கப்பட்டது. அரசி ஆடையை நோக்கி மறைந்திருக்க, ஜோர்ஜ் மாதரின் மார்பிற் பொலிந்தார்.

நாணயம் சேர்ப்போர் இவற்றைச் சிதைந்த காசுகள் என்பர். பிறர் கைவேலையைத் தொட மறுத்த சிற்பியின் வேலையிற் பிறர் உளி வைத்தது முரணே. எனினும், புழக்கத்திற் கைக்குக் கை மாறித் தேய்ந்திருக்கவேண்டிய உருவம், அவ்வுளியால் அழகுப் பொருளாகப் போற்றப்பட்டது. குறை ஒன்றே: அதனை அணிந்தோர் ஆக்கியோனை அறிந்திலர். புளோராவின் கதையே மீண்டும் நிகழ்ந்தது எனலாம். பவுணின் நிறையை நுணுகி அறியும் நாம், அதன் அடியிலுள்ள அவ்விரண்டு எழுத்துக்களையும் ஒருமுறை தேடிப் பார்த்தல் அம்முதிய சிற்பிக்குச் செய்யும் சிறு கடனாகும்.