எலினோர் ரூஸ்வெல்ட்: நடுக்கத்துடன் மேடையேறிய பெண்மணி

எமது பாடசாலையில் படித்தவர்களுள் மேடைக்குப் பயப்படாதவர்கள் மிகச் சிலரே. தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிக்கு மனனம் செய்ததெல்லாம் மேடையேறியதும் மறந்துபோவதும், காலைப் பிரார்த்தனையில் நற்சிந்தனை வாசிக்கும்போது கையிலுள்ள கடதாசி ஆடுவதும் எம்மிற் பலருக்குத் தெரிந்த விடயம். இன்று வைத்தியத் தொழிலில் இருக்கும் நாம் அதற்குக் காரணம் சொல்லுவோம். பயத்தில் அதிரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, குரல்வளைத் தசைகள் இறுகிக் குரல் கீச்சிடுகிறது. காரணம் தெரிந்துவிட்டால் நடுக்கம் நின்றுவிடும் என்றில்லை. நூற்றாண்டு மலருக்கு எழுதக் கேட்டபோது, இதே நடுக்கத்தோடு உலக சபையில் எழுந்து பேசிய எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையாரே எமது நினைவுக்கு வந்தார். அவரை ஆளாக்கியதும் ஒரு பெண்கள் பாடசாலைதான்.

1884 ஒக்டோபர் 11 ஆம் திகதி நியூயோர்க்கில் செல்வந்தக் குடும்பமொன்றில் பிறந்தார். தாயார் ஊரறிந்த அழகி. மகளோ சிரிப்பில்லாத, கூச்சம் மிகுந்த பிள்ளை. தாயார் அவரைக் கிழவி என்று பொருள்படும் பட்டப்பெயரால் அழைத்துவந்தார். எட்டு வயதிலே தாயாரைத் தொண்டைக்கரப்பன் கொண்டுபோயிற்று. (இன்று தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய்.) அடுத்த ஆண்டு தம்பி ஒருவர். பத்து வயதாகுமுன் குடியால் நலிந்த தந்தையும் போய்விட்டார். பிறகு கண்டிப்பான அம்மம்மாவின் வீடு.

பதினைந்து வயதில், 1899 இல், இலண்டனுக்கு அண்மையில் விம்பிள்டனில் இருந்த அலன்ஸ்வூட் என்னும் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார். அதிபர் மரி சுவெஸ்த்ர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. தாம் வகுப்பிற் சொன்னதையே மாணவி கட்டுரையாகத் திருப்பி எழுதிக் கொடுத்தால், அதைக் கிழித்துப்போடுமளவுக்கு அவருக்குக் கோபம் வரும். சொந்தமாக நினைக்க வேண்டும், நினைத்ததைச் சொல்லவும் வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. சாப்பாட்டு மேசையில் எலினோரைத் தமக்கு எதிரே இருத்திப் பேசவைத்தார். விடுமுறையில் தம்மோடு பிரான்சுக்கும் இத்தாலிக்கும் கூட்டிச் சென்று, பயண ஒழுங்குகளை அந்தப் பிள்ளையின் பொறுப்பிலேயே விட்டார். ஹொக்கி முதலணியில் இடங்கிடைத்த நாளைத் தமது வாழ்வின் பெருமைமிக்க நாள்களில் ஒன்றாக எலினோர் பிற்காலத்தில் எழுதினார். அந்த அதிபரின் படத்தைக் கடைசிவரை மேசையில் வைத்திருந்தார். மூன்றே ஆண்டுகள்தான் அங்கே படித்தார். ஆனாலும் அவரது வாழ்க்கை வரலாற்றில் வெள்ளை மாளிகைக்குக் கொடுக்கும் இடத்தை இந்தப் பாடசாலைக்கும் கொடுக்கவேண்டும் என்பது எமது எண்ணம்.

1905 இல் தூரத்து உறவினரான பிராங்ளின் ரூஸ்வெல்ட்டை மணந்தார். ஆறு பிள்ளைகள் பிறந்தனர். ஒன்று கைக்குழந்தையாகவே இறந்தது. மாமியாரின் ஆட்சியில் பழைய கூச்சம் திரும்பியது. 1921 இல் கணவருக்கு இளம்பிள்ளைவாதம் வந்து கால்கள் செயலிழந்தன. அவருடைய அரசியல் அத்தோடு முடிந்தது என்றே மாமியார் உட்படப் பலர் எண்ணினர். கணவரின் பெயரை மக்கள் மறக்காமலிருக்க மனைவி மேடையேறவேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர், பத்திரிகையாளரும் குடும்ப நண்பருமான லூயி ஹவ்.

முதற் கூட்டங்களில் எலினோருக்கு நிற்கவே முடியுமா என்றிருந்தது. குரல் உச்சத்துக்கு ஏறும். சிரிப்பதற்கு எதுவுமில்லாத இடத்தில் கெக்கலித்துச் சிரித்துவிடுவார். பதற்றத்தில் வரும் அந்தச் சிரிப்பை நாமும் நோயாளர்களிடம் கண்டிருக்கிறோம், அது மகிழ்ச்சியல்ல. ஹவ் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்பார். கூட்டம் முடிந்ததும் எந்த இடத்தில் சிரித்தார், எங்கே குரல் ஏறியது என்று தயவு தாட்சணியமின்றிச் சொல்லுவார். அவருடைய பாடம் மிகச் சுருக்கமானது: சொல்ல ஏதாவது வைத்துக்கொண்டு எழும்பவேண்டும், அதைச் சொல்லிவிட்டு இருந்துவிட வேண்டும். எமது பரிசளிப்பு விழாக்களுக்கு வந்த பிரதம விருந்தினர் சிலருக்கும் இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

1927 முதல் நியூயோர்க்கில் டொட்ஹன்ரர் பெண்கள் பாடசாலையில் வரலாறும் இலக்கியமும் கற்பித்தார். 1933 மார்ச் 4 இல் கணவர் ஜனாதிபதியானார். இரண்டு நாள் கழித்துப் பெண் நிருபர்களை மட்டும் அழைத்துச் செய்தியாளர் சந்திப்பு நடத்தினார்; ஜனாதிபதியின் மனைவி ஒருவர் அப்படிச் செய்தது அதுவே முதற்தடவை. உள்ளே போகும்போது நடுக்கம். அதை மறைக்கப் பெரியதொரு பெட்டி நிறையப் பழ இனிப்பை எடுத்துப்போய் எல்லோருக்கும் நீட்டினார். பன்னிரண்டு ஆண்டுகளில் அப்படி முந்நூறுக்கு மேற்பட்ட சந்திப்புகள் நடந்தன.

கணவர் 1945 ஏப்ரலில் காலமானபின், ஐக்கிய நாடுகள் சபையின் முதற் பொதுச்சபைக்குச் செல்லும் அமெரிக்கக் குழுவில் ஜனாதிபதி ட்ரூமன் அவரைச் சேர்த்தார். குழுவின் ஆண்கள் அதை விரும்பவில்லை. அவரைச் சமூக, மனிதாபிமான விடயங்களுக்கான மூன்றாம் குழுவில் இருத்தினார்கள். அங்கே பெரிதாக ஒன்றும் நடக்காது என்பது அவர்களது கணக்கு. ஆனால் யுத்தத்தால் இடம்பெயர்ந்து ஜேர்மனியின் முகாம்களில் ஊர் திரும்ப அஞ்சியிருந்த லட்சக்கணக்கானோரின் பிரச்சினை வந்து சேர்ந்தது அந்தக் குழுவுக்கே. அவர்களை விருப்பமின்றியே திருப்பி அனுப்பவேண்டும் என்றது சோவியத் தரப்பு. திரும்பிப் போவதா இல்லையா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும் என்றார் எலினோர்.

விவாதம் பொதுச்சபைக்குப் போனது. சோவியத் தரப்பிற் பேசவந்தவர் விஷின்ஸ்கி; 1930களில் மொஸ்கோ வழக்குகளில் அரசதரப்பு வழக்கறிஞராக நின்று பலரை மரண தண்டனைக்கு அனுப்பியவர். அமெரிக்கக் குழுவின் ஆண்களுக்கு இந்த விடயம் தெரியாததால் அவரே பேசவேண்டியதாயிற்று. அறுபத்தொரு வயது. விஷின்ஸ்கிக்கு எதிரே நிற்பதை நினைக்கவே நடுங்கியதாகப் பின்னர் எழுதினார். நேரமோ இரவாகிவிட்டது, பிரதிநிதிகள் வீட்டுக்கு எழும்பிவிடுவார்கள் என்ற கவலை வேறு. குறிப்பில்லாமலே பேசினார். வாக்கெடுப்புவரை தென்னமெரிக்கப் பிரதிநிதிகளை இருக்கையில் இருத்திவைக்க, அவர்களது விடுதலை வீரர் சிமோன் பொலிவாரைப் பேச்சிற் கொண்டுவந்தார். வாக்கெடுப்பில் அவரது பக்கமே வென்றது.

குப்பிவிளக்கிற் படித்து, பிறகு ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் மெல்பேணிலும் அகதி விண்ணப்பத்தோடு வரிசையில் நின்ற எமது வகுப்புத் தோழிகளுக்கு அந்த இரவின் பெறுமதியை நாம் விளக்க வேண்டியதில்லை.

பின்னர் மனித உரிமை ஆணைக்குழுவின் தலைவியானார். 1948 டிசெம்பர் 10 இல் பாரிசில் உலக மனித உரிமைப் பிரகடனம் 48 நாடுகளின் ஆதரவோடு, எதிர்வாக்கு ஒன்றுமின்றி நிறைவேறியது. எட்டு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. துன்புறுத்தலுக்குத் தப்பி வேறு நாட்டிற் புகலிடம் தேடும் உரிமை அதன் பதினான்காவது உறுப்புரை. அதன் பிறகும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. ஐக்கிய நாடுகள் சபையைப் பற்றி மக்களுக்கு எடுத்துச்சொல்ல ஊர் ஊராகப் போனார். எழுபத்தைந்து வயதளவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுக்கத் தொடங்கினார். 1962 நவம்பர் 7 இல் காலமானார்.