சுஜூதில் மடங்கும் பாதம்

டாக்டர் பிரமோத் கரண் சேத்தி பொறியியலாளர் அல்லர். எலும்பியல் சத்திர சிகிச்சை நிபுணர். ஆனாலும் மருத்துவத்துக்கு உதவும் பொறியியலைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான். யுத்தத்தில் மிதிவெடியால் கால் இழந்த நம் நாட்டவர் பலரை மீண்டும் நடக்க வைத்தது அவர் பெயரோடு சேர்ந்த 'ஜெய்ப்பூர் கால்'.

1927 நவம்பர் 28 இல் பனாரஸில் பிறந்தார். ஆக்ராவில் மருத்துவம் கற்று, எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்று, ஜெய்ப்பூர் சவாய் மான் சிங் வைத்தியசாலையில் கடமையாற்றினார். அங்கே ஒரு விடயம் அவரை உறுத்தியது. செயற்கைக் கால் பொருத்தி அனுப்பப்பட்டவர்கள் ஊன்றுகோலோடு திரும்பி வந்தார்கள். கொடுத்த காலை அவர்கள் வீட்டில் கழற்றி வைத்திருந்தார்கள். சேத்தி நோயாளியைக் குறை சொல்லவில்லை. காலில்தான் குறை இருக்க வேண்டும் என்று தேடினார்.

அன்றைய மேல்நாட்டுப் பாதத்தின் உள்ளே விறைப்பான கட்டை இருந்தது, கணுக்கால் மடங்காது. சப்பாத்து அணிந்து, நாற்காலியில் அமர்ந்து, சமதளத்தில் நடப்பவருக்கு அது போதும். நம் துறைமுகப் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். கரைவலை இழுப்பவர் ஈர மணலில் வெறுங்காலோடு நிற்கிறார். வலை பொத்துபவர் தரையில் சம்மணமிட்டு இருக்கிறார். மீன் வெட்டுபவர் குந்தியிருக்கிறார். நாமோ ஒரு நாளில் ஐந்து வேளை தரையில் அமர்ந்து எழும்புகிறோம். சுஜூதில் கால் விரல்களை மடக்கி ஊன்றுகிறோம். மடங்காத பாதம் இவற்றில் எதற்கு உதவும்? கரடுமுரடான நிலத்தில் மிதிக்கும்போது பாதம் திரும்பாவிட்டால் அந்த முறுக்கம் முழுவதும் மேலே, வெட்டுப்பட்ட காலின் தோலுக்குத்தான் போகும். அங்கே புண் வரும். பௌதிகவியல் பாடத்தில் திருப்பத்தைக் கணக்காகச் செய்யும்போது அது ஒருவருடைய தோலில் விழும் என்று நான் நினைத்ததேயில்லை.

விடை கிடைத்தது ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரிடமிருந்து. 'மாஸ்டர்ஜி' என்று எல்லோரும் அழைத்த அவர் அதே வைத்தியசாலையில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் பழக்கியவர். அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். டயருக்குப் புது இறப்பர் பிடிக்கும் கடையில்தான் அவருக்கு அந்த யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். குதிப் பகுதிக்கும் முன்பாதத்துக்கும் மென்மையான கடற்பஞ்சு இறப்பர், கணுக்காலுக்கு மரத்துண்டு. எல்லாவற்றையும் டயர் நூலும் இறப்பரும் சுற்றி, அச்சில் அடைத்து வேகவைத்து ஒன்றாக்கினார்கள். நீண்ட விறைப்பான கட்டை இல்லாததால் பாதம் மேலும் கீழும் மடங்கியது, பக்கவாட்டிலும் சரிந்தது, சற்றுத் திரும்பவும் செய்தது. 1968 இல் உருவான இந்தப் பாதத்துக்குச் சப்பாத்து தேவையில்லை. தண்ணீரிலும் சேற்றிலும் இறங்கலாம். வுழூச் செய்யும்போது நனைந்தாலும் கெடாது.

அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை என்பதுதான் சேத்தியிடம் எனக்கு மிகவும் பிடித்தது. எடுத்திருந்தால் நம் ஊருக்கு அது எப்போது வந்திருக்குமோ! 1975 இல் ஜெய்ப்பூரில் தொடங்கப்பட்ட 'பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி' இந்தக் காலை ஏழைகளுக்கு இலவசமாகப் பொருத்தத் தொடங்கியது. நம் நாட்டில் கொழும்பு ஃபிரெண்ட் இன் நீட் சொசைட்டியும் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையமும் அதைச் செய்து பொருத்தின.

1981 இல் சேத்திக்கு மக்சேசே விருதும் பத்மஸ்ரீயும் கிடைத்தன. மாஸ்டர்ஜியின் பெயர் அந்த அளவுக்கு வெளியே வரவில்லை. கையால் செய்தவருக்கும் சம பங்கு கிடைத்திருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது.

2008 ஜனவரி 6 இல், நான் பிறப்பதற்கு முன்பே, சேத்தி ஜெய்ப்பூரில் காலமானார். அவருடைய கண்டுபிடிப்பில் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. இறப்பர் பாதம் கனமானது. கையால் செய்வதால் ஒன்று போல் இன்னொன்று அமையாது. சில வருடங்களில் தேய்ந்தும் போகும். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் உதவியோடு பொலியூரித்தேனில் இலேசான பாதம் செய்து பார்த்தது இதனால்தான். நடக்கும்போது எவ்வளவு விசை விழுகிறது என்று அளந்து, இந்தப் பாதத்தை மற்றப் பாதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளும் வந்திருக்கின்றன. வளரும் பிள்ளைக்கோ பாதம் தேயும் முன்பே கால் சிறுத்துவிடும். மறுபடி அளவெடுக்க வேண்டும். மூதூரிலிருந்து கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அந்தப் பிள்ளையை யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும்.