கோல்மன் கிரிஃபித்

கோல்மன் ராபர்ட்ஸ் கிரிஃபித் (மே 22, 1893 – 1966) அமெரிக்க உளவியலாளர் ஆவார். அமெரிக்க விளையாட்டு உளவியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார். தொழில்முறை வீரர்களுக்குத் தனி உளவியலாளர் தேவையா என்னும் கேள்வி நடைமுறையில் சோதிக்கப்பட்ட தொடக்ககால நிகழ்வுகளுள் இவரது பணியும் ஒன்றாகும்.

வாழ்க்கைச் சுருக்கம்

ஐயோவா மாநிலத்தின் கத்ரி சென்டரில் பிறந்தார். கிரீன்வில் கல்லூரியில் 1915 இல் பட்டம் பெற்றார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1920 இல் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியரானார்.

ஆய்வுக்கூடமும் நூல்களும்

1925 இல் அப்பல்கலைக்கழகத்தில் விளையாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று இவர் தலைமையில் தொடங்கியது. எதிர்வினை நேரம், தசை இறுக்கம், கவனம் முதலியன அங்கு அளக்கப்பட்டன. 1926 இல் பயிற்றுநர்களுக்கான உளவியல் நூலையும், 1928 இல் உளவியலும் விளையாட்டும் பற்றிய நூலையும் வெளியிட்டார். பொருளாதார நெருக்கடிக் காலமான 1932 இல் ஆய்வுக்கூடம் மூடப்பட்டது.

சிக்காகோ கப்சு அணி

1938 இல் சிக்காகோ கப்சு அடிபந்தாட்ட அணியின் உரிமையாளர் பிலிப் ரிக்லி இவரைப் பணியமர்த்தினார். வீரர்களின் ஆட்டத்தைப் படம்பிடித்தும் திறன்களை அளந்தும் அறிக்கைகள் எழுதினார். பயிற்சி உண்மையான ஆட்டச் சூழலை ஒத்திருக்க வேண்டும் என்பது இவரது முதன்மைப் பரிந்துரைகளுள் ஒன்று. ஆனால் அணி மேலாளர்கள் சார்லி கிரிம், காபி கார்ட்னெட் ஆகியோர் ஒத்துழைக்கவில்லை. அனுபவமே போதுமென்று கருதிய களத்தில் அளவீடுகள் எடுபடவில்லை. அவ்வாண்டு அணி தேசிய லீக் பட்டத்தை வென்றபோதும், உலகத்தொடரில் நியூயார்க் யாங்கீசிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. 1940 அளவில் இவரது பணி முடிவுக்கு வந்தது.

பிற்காலமும் தாக்கமும்

1944 முதல் 1953 வரை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கல்விசார் தலைமைப் பொறுப்பில் இருந்தார். இத்துறையில் இவரது வழியை உடனடியாகத் தொடர்ந்தவர் சிலரே. இவர் இறந்த காலகட்டத்தில்தான், 1960களில், விளையாட்டு உளவியல் தனித்துறையாக அமைப்புப் பெற்றது.

இன்று இக்கேள்விக்குப் பல அணிகள் ஆம் என்றே விடையளிக்கின்றன. இந்தியத் துடுப்பாட்ட அணி 2011 உலகக்கோப்பையை வென்றபோது பேடி அப்டன் அதன் மனத்திறன் பயிற்றுநராக இருந்தார். 2024 இல் சிங்கப்பூரில் உலகச் சதுரங்க வாகையரான சென்னையின் குகேசுக்கும் அவரே துணைநின்றார். வீரரும் பயிற்றுநரும் நம்பி ஏற்றால் மட்டுமே இத்தகைய உதவி பயன்தரும் என்பது கிரிஃபித்தின் சிக்காகோ அனுபவம் உணர்த்தும் பாடமாகும்.