மேப்பை அறுத்த மனுஷன்

செமஸ்டர் லீவுக்கு நீங்க எந்த ஊருக்குப் போவீங்களோ, நான் போறது பாச்சலூர். ஒட்டன்சத்திரத்துல பஸ் ஏறி, வடகாடு தாண்டி, பரப்பலாறு அணையை ஓரமா எட்டிப் பார்த்துட்டு மலை ஏற ஆரம்பிச்சா, ஒவ்வொரு வளைவுக்கும் போன்ல ஒரு கோடு சிக்னல் இறங்கும். வீட்டு வாசலுக்கு வரும்போது போன் வெறும் டார்ச் லைட்தான்.

சுத்தி காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, வாழை. ஆனா வீட்டுல குடிக்கறது டீ. காப்பிக்கொட்டை விக்கறதுக்கு, டீத்தூள் குடிக்கறதுக்குன்னு எங்க வீட்டுல ஒரு எழுதாத சட்டம். போன டிசம்பர்ல மூணு நாள் விடாம மழை, கரண்ட்டும் இல்ல. பரண்ல கிடந்த என் பழைய விளையாட்டுச் சாமான் மூட்டையை இறக்கினேன். உள்ளே ஒரு மரப்பலகை. மாநிலம் மாநிலமா அறுத்த இந்தியா மேப். நான் ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது அப்பா வாங்கிக் கொடுத்தது. நானும் அப்பத்தாவும் அடுப்புப் பக்கத்துல உட்கார்ந்து, ஆளுக்கொரு டம்ளர் டீயை வெச்சுக்கிட்டு அதைச் சேர்க்க ஆரம்பிச்சோம்.

அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்ல. துண்டுல இருக்கிற பேரைப் படிக்கத் தெரியாது, அதனால வடிவத்தை மட்டும்தான் பார்த்துச்சு. பாகற்காய் மாதிரி இருந்த ஒரு துண்டை எடுத்து, நம்ம துண்டுக்குப் பக்கத்துல வெச்சு விரலால ஒரு அமுக்கு. கேரளா கச்சிதமா உட்கார்ந்துச்சு! எனக்கு முன்னாடி அது குஜராத்தையும் முடிச்சுடுச்சு. அப்புறம் டீயை ஊதிக்கிட்டே, இதை முதல்ல எவன் இப்படி அறுத்தான்னு கேட்டுச்சு. எனக்குப் பதில் தெரியல. ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்து தேடிப் படிச்சதைத்தான் இப்ப உங்களுக்குச் சொல்றேன்.

அந்த ஆளோட பேர் ஜான் ஸ்பில்ஸ்பரி. ஜிக்சா பத்தின எந்த வரலாற்றை எடுத்தாலும் முதல் பக்கத்துலயே வந்து நிக்கிற பேர். 1739-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். சின்ன வயசுலயே லண்டன்ல தாமஸ் ஜெஃப்ரிஸ் என்ற மேப் தயாரிப்பாளரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். ஜெஃப்ரிஸ் லேசுப்பட்ட ஆள் இல்ல, மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கே புவியியலாளர்னு பட்டம் வாங்கினவர்.

அங்க என்ன வேலைன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்தக் காலத்து மேப் செப்புத் தகட்டுல பிறக்குது. கூரான உளியால தகட்டைக் கோடு கோடா கீறி, அந்தக் கீறல்ல மையை நிரப்பி, ஈரக் காகிதத்தை மேல வெச்சு அழுத்தி எடுக்கணும். காகிதத்துல நேரா வரணும்னா தகட்டுல எல்லாமே இடவலம் மாறி இருக்கணும். அதாவது நீங்க இந்தியாவைக் கீறினா, வங்காள விரிகுடா இடது கைப் பக்கம் வரும். ஊர்ப் பேர் ஒவ்வொண்ணும் கண்ணாடியில பார்க்கிற மாதிரி திரும்பி நிக்கும். ஒரு எழுத்து பிசகினா கண்ட்ரோல் இசட் கிடையாது. அந்த இடத்தைச் சுரண்டி, தகட்டைப் பின்பக்கம் இருந்து தட்டிச் சமமாக்கி, மறுபடி கீறணும். ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்‌ஷாப்ல ஒரு வி-ஃபிட்டிங்குக்கு ஃபைல் தேய்ச்சே நமக்குக் கை வீங்கிச்சு. இவர் வருஷக்கணக்கா நாடுகளோட எல்லையைத் தலைகீழாக் கீறிக்கிட்டு இருந்திருக்கார். உலகத்துல எந்த நாடு எங்க வளையுது, எங்க நெளியுதுன்னு அவர் கைக்கு மனப்பாடம் ஆகியிருக்கும்.

பழகி முடிச்சதும் சொந்தமா கடை வெச்சார். லண்டன் ட்ரூரி லேன் பக்கம் ரஸ்ஸல் கோர்ட்னு ஒரு சந்து. பக்கத்துல பெரிய நாடகக் கொட்டகை. அங்கிருந்து ஸ்ட்ராண்ட் தெருவுக்கு நடந்தே போயிடலாம், அந்தத் தெருவுலதான் ட்வைனிங்ஸ் டீக்கடை. 1706-ல் தொடங்கின அந்த வியாபாரம் இன்னைக்கும் அதே தெருவுல நடக்குது.

அந்தச் சந்துல இருந்துக்கிட்டு, 1760-ஐ ஒட்டின வருஷங்கள்ல ஸ்பில்ஸ்பரி செய்தது கேட்கறதுக்கு ரொம்பச் சின்ன வேலை. அச்சடிச்சு, கையால வண்ணம் தீட்டின மேப்பை மெல்லிய மஹோகனிப் பலகை மேல ஒட்டினார். மரச்சாமான்ல பூ வேலை பதிக்கிற ஆசாரிங்க வெச்சிருக்கிற மாதிரி ஒரு நுண்ணிய கை ரம்பத்தை எடுத்து, நாட்டு எல்லை எப்படிப் போகுதோ அப்படியே அறுத்தார். துண்டுகளைப் பெட்டியில போட்டு வித்தார். அவ்வளவுதான்.

ஆனா அறுக்கறது லேசு இல்ல. ரம்பம் போன வழியில அதோட பல் அகலத்துக்கு மரம் காணாமப் போகும். லேசர் கட்டிங் பண்ணினவங்களுக்கு இந்தத் தலைவலி தெரியும், டிசைன்ல அந்த இடைவெளிக்குக் கணக்குப் போடலன்னா துண்டு லொடலொடன்னு ஆடும். அவர்கிட்ட இருந்தது கையும் கண்ணும் மட்டும். அதுவும் இன்னைக்கு நாம பார்க்கிற குமிழும் குழியுமா பூட்டிக்கிற துண்டுகள் அப்ப கிடையாது. எல்லை எப்படி இருக்கோ அதுதான் வடிவம். நாடும் நாடும் சும்மா ஒட்டி உட்கார்ந்திருக்கும், பக்கத்துல யாராவது தும்மினா ஜெர்மனி நகர்ந்துடும். மூடியில படம் ஒட்டித் தர்ற பழக்கமும் அப்ப இல்ல. படத்தைப் பார்த்துச் சேர்க்கிற வசதி நமக்குத்தான்.

ஒண்ணு கவனிச்சீங்களா? இதை அவர் விளையாட்டுப் பொருள்னு விக்கவே இல்ல. 1763-ல் லண்டன் தொழில்காரர்களோட விவரப் புத்தகம் ஒண்ணு வந்தது, நம்ம பழைய யெல்லோ பேஜஸ் மாதிரி. அதுல தன் தொழில்னு அவர் கொடுத்தது, செதுக்குபவர், அப்புறம் புவியியல் பாடத்தைச் சுலபமாக்க மரத்துல மேப்பைக் கூறு போடுபவர். உலகம், ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா, அப்புறம் இங்கிலாந்தும் வேல்ஸும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து. இந்த எட்டும்தான் அவரோட சரக்கு. மேப் புத்தகத்தை முறைச்சு முறைச்சுப் பார்த்து ஒப்பிக்கறதுக்குப் பதிலா, பிரான்ஸைக் கையில எடுத்து ஸ்பெயினுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்க்கட்டும்னு நினைச்சிருக்கார். கைவழியா ஏறினது சீக்கிரம் மறக்காதுன்னு ஒர்க்‌ஷாப் சார் சொல்ற அதே சங்கதி.

இது எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் கிடைச்சதான்னா, இல்ல. விலை அதிகம், வாங்கினது பணக்கார வீடுங்க. மூன்றாம் ஜார்ஜோட பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த லேடி சார்லட் ஃபின்ச் இந்த மாதிரி அறுத்த மேப்புகளை வெச்சுத்தான் கத்துக்கொடுத்தார். அந்த மேப்புகள் இருந்த அலமாரி லண்டன்ல இன்னும் பத்திரமா இருக்கு. கொஞ்சம் கம்மி விலையில வேணும்னு கேட்கிறவங்களுக்கு ஸ்பில்ஸ்பரி ஒரு வழி வெச்சிருந்தார். கடல் இல்லாத மேப்! நிலத்துண்டுகள் மட்டும். கடலுக்கு ஆகிற மரமும் கூலியும் மிச்சம். காசு அதிகம் கொடுத்தா கடலும் சேர்த்துக் கிடைக்கும். படிச்சதும் சிரிச்சுட்டேன். சேமியா உப்புமாவுல முந்திரி போடறதா வேணாமான்னு மெஸ்ல நடக்கிற கணக்கு மாதிரியே இருக்கு.

அந்த மஹோகனிக்கு இன்னொரு கதை இருக்கு. கரீபியன் தீவுகள்ல அடிமைகளா வெச்சிருந்த ஆப்பிரிக்க மக்களைக் கொண்டு வெட்டின மரம் கப்பல்ல லண்டன் வந்தது. அதே மரத்துலதான் பணக்கார வீட்டு டீப் பெட்டியும். டீத்தூள் அப்ப சீனாவுல இருந்து வரணும், வரி தாறுமாறு. 1784-ல் வரியைக் குறைக்கறதுக்கு முன்னாடி நூறு சதவீதத்துக்கு மேல போயிருந்தது. அதனால டீப் பெட்டிக்குப் பூட்டு, சாவி வீட்டு அம்மா இடுப்புல. டீயில போட்ட சர்க்கரையும் அதே தீவுகளோட கரும்புத் தோட்டத்துல இருந்து வந்ததுதான். மஹோகனி மேஜை மேல மேப்பும் டீயுமா உட்கார்ந்த ஒரு சாயங்காலத்துக்குப் பின்னாடி அத்தனை பேரோட முதுகு இருக்கு.

நம்ம பக்கம் அப்ப என்ன நடந்ததுன்னு கேட்பீங்க. மலைக்குக் கீழே திண்டுக்கல் ஹைதர் அலி கையில. 1755-ல் அங்க ஃபவுஜ்தாரா வந்தவர், 1761-க்குள்ள மைசூரையே பிடிச்சுட்டார். மருதநாயகத்தை மதுரையில தூக்குல போட்டது 1764. ஸ்பில்ஸ்பரியோட ஆசியா மேப்புல நம்ம பழனி மலை தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல. லெப்டினன்ட் வார்டு இங்க ஏறி வந்து மலையை அளந்தது 1821-லதான்.

இப்ப ஒரு வில்லங்கம். இதை முதல்ல செஞ்சது ஸ்பில்ஸ்பரிதானான்னு ஒரு சண்டை உண்டு. லிண்டா ஹன்னாஸ் என்ற ஆய்வாளர்தான் 20-ம் நூற்றாண்டுல அவரைத் தேடிப் பிடிச்சு, ஜிக்சாவோட தகப்பன்னு நிறுவினவர். அப்புறம் ஜில் ஷெஃப்ரின் என்ற இன்னொரு ஆய்வாளர் கிளறினப்போ, அதே லண்டன்ல லெப்ரின்ஸ் த போமோன்னு ஒரு பிரெஞ்சு டீச்சரம்மா, ஸ்பில்ஸ்பரி கடை திறக்கற சமயத்துலயே, ஒருவேளை அதுக்கும் முன்னாடியே, தன்கிட்ட படிக்கிற பிள்ளைகளுக்கு மர மேப் கொடுத்துக்கிட்டு இருந்தது தெரிய வந்தது. இந்த அம்மாவை உங்களுக்கும் தெரியும். டிஸ்னி படமா பார்த்தீங்களே, பியூட்டி அண்ட் த பீஸ்ட், அந்தக் கதையை நமக்குத் தெரிஞ்ச சுருக்கமான வடிவத்துல 1756-ல் எழுதினது இவங்கதான். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல யார் பேரை முதல்ல போடறதுன்னு நாமளே எவ்வளவு அடிச்சுக்கிறோம்! என்னைக் கேட்டா, யோசனை அந்த அம்மாவோடதா இருந்தாலும் ஆச்சரியமில்ல. வகுப்பறைக்குள்ள இருந்ததைத் தொழிலாக்கி, பெயர் போட்டு, கடையில அடுக்கி வெச்சவர் ஸ்பில்ஸ்பரி. ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு.

1766-ல் அவரோட பழைய முதலாளி ஜெஃப்ரிஸ் திவாலானார். மேப் தொழில் அப்படி, அளக்கற செலவே ஆளை முழுங்கிடும். அறுத்து வித்த சிஷ்யர் நிலைமை பரவாயில்லாம இருந்தது. ஐரோப்பாவை ராஜ்யம் ராஜ்யமாப் பிரிச்ச அவரோட பேர்போன மேப் அதே 1766-ஐச் சேர்ந்ததுதான். கடை இன்னும் முப்பது நாப்பது வருஷம் ஓடியிருக்கணும். ஆனா 1769-ல், முப்பது வயசைத் தொட்டும் தொடாத நிலையில ஸ்பில்ஸ்பரி இறந்துட்டார். அதே வருஷம்தான் ஹைதர் சென்னை வாசல் வரைக்கும் வந்து கம்பெனிக்காரங்களை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட வெச்சார். மனைவி சாரா கொஞ்ச நாள் கடையைப் பார்த்துக்கிட்டார், அப்புறம் அங்கேயே தொழில் பழகின ஹாரி ஆஷ்பியைக் கல்யாணம் செய்துக்கிட்டார். வியாபாரம் ஆஷ்பி கையில தொடர்ந்தது. ஸ்பில்ஸ்பரிக்குக் கிடைச்சது மொத்தமே பத்து வருஷத்துக்கும் குறைவு. நம்ம சீனியர்ஸ்ல சிலர் அதுக்குள்ள மூணு கம்பெனி மாறியிருப்பாங்க.

அவர் போன மூணாவது வருஷம், 1772-ல், ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூணும் போலந்தைக் கடிச்சுப் பங்கு போட ஆரம்பிச்சது. 1795-ல் போலந்தே இல்ல. ஸ்பில்ஸ்பரி பார்த்துப் பார்த்து அறுத்த போலந்துத் துண்டு மட்டும் ஏதோ ஒரு பணக்கார வீட்டுப் பெட்டிக்குள்ள முழுசா இருந்திருக்கும்.

அந்த மாதிரி வீடுகள்ல இந்த மேப் எவ்வளவு ஊறிப்போச்சுன்னா, 1814-ல் வந்த ஜேன் ஆஸ்டினோட மான்ஸ்ஃபீல்ட் பார்க் நாவல்ல, ஏழை வீட்டுல இருந்து வந்த ஃபேனிக்கு ஐரோப்பா மேப்பைச் சேர்க்கத் தெரியலன்னு பணக்கார அக்காங்க கேலி பண்றாங்க. சொல்லிக்கொடுக்கச் செஞ்ச சாமான், மட்டம் தட்டவும் பயன்பட்டிருக்கு.

ஜிக்சாங்கிற பேரே 19-ம் நூற்றாண்டு கடைசியில, காலால மிதிச்சு ஓட்டற ரம்பம் வந்த பிறகுதான் ஒட்டிக்கிச்சு. அதுக்கு அப்புறம்தான் பெரியவங்க கைக்கும் வந்தது. அட்டையை அச்சுல அழுத்தி வெட்ட ஆரம்பிச்சதும் விலை விழுந்தது. 1933-ல், பெரும் மந்தத்துல வேலை போன அமெரிக்காவுல, வாரத்துக்கு 1 கோடி ஜிக்சா வரைக்கும் வித்ததாச் சொல்றாங்க. புத்தகம் மாதிரி வாடகைக்கு எடுத்து, சேர்த்து முடிச்சுத் திருப்பிக் கொடுப்பாங்களாம். 2020 ஊரடங்குலயும் கடைங்கள்ல ஜிக்சா கிடைக்காமப் போச்சு. பாடத்துக்குன்னு அறுத்த ஸ்பில்ஸ்பரி, ஓய்வுக்குன்னு ஒருத்தர் இதை எடுத்து வெச்சு உட்கார்ந்ததைப் பார்த்ததே இல்ல.

பொங்கலுக்குப் போனப்போ இதை எல்லாம் அப்பத்தாகிட்ட சொன்னேன். கடல் இல்லாத மேப்புக்கு ஒரு சிரிப்பு. முப்பது வயசுங்கறதுக்கு மட்டும் டம்ளரைக் கீழ வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் பேசல. போலந்துக் கதையைச் சொல்லும்போதுதான் எனக்கே உறைச்சது, எங்க பலகை 2014-க்கு முன்னாடி வாங்கினது, அதுல ஆந்திரா ஒரே துண்டு. தெலங்கானா பிரிஞ்சதைச் சொன்னேன். அப்ப அதையும் அறுத்துட வேண்டியதுதானேன்னு அப்பத்தா சொல்லுச்சு. எல்லை எங்க வரும்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, என் பால்பாயிண்ட் பேனாவை வாங்கி அதுவே கோடும் போட்டுடுச்சு. கோடு கொஞ்சம் கோணல், ஹைதராபாத் பக்கத்துல ரொம்பவே நெருங்கிப் போகுது. ரம்பம் தின்னுற அளவையும் கணக்குல வெச்சு அதைச் சரி பண்ணணும். அடுத்த லீவுக்கு மெல்லிசு பிளேடு ஒண்ணு வாங்கிட்டுப் போகணும்.