ஜகார்த்தாவில் தங்கம் எடுத்த ஐதராபாத் வாத்தியார்

அஜய் தேவ்கன் நடித்து 2024-ல் வந்த 'மைதான்' இந்திப் படத்தை நம் குடியிருப்பில் சிலர் ஓடிடியில் பார்த்திருக்கலாம். சினிமாவுக்கே உரிய கூட்டல் கழித்தல்கள் அதில் உண்டு. அதன் நாயகரான சையத் அப்துல் ரஹீமின் உண்மை வாழ்க்கைக்கு அந்த அலங்காரம்கூடத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

1909 ஆகஸ்ட் 17-ல் ஐதராபாத்தில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர். தானும் பந்து ஆடியவர்தான். ஆனால் பேர் வாங்கியது மற்றவர்களை ஆட வைத்ததில். 1950-ல் ஐதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அந்த ஆண்டிலிருந்து 1954 வரை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து 5 முறை அந்த அணியே வென்றது.

அவருடைய பயிற்சியில் வாத்தியார் வேலை நன்றாகவே தெரியும். வலக்கால் பழக்கமுள்ளவர் இடக்காலாலும், இடக்கால் பழக்கமுள்ளவர் வலக்காலாலும் மட்டுமே பந்தை உதைக்கலாம் என்று விதி வைத்துப் போட்டியே நடத்தினார். பந்தைத் தானே உருட்டிக்கொண்டு போகக் கூடாது, உடனே கூட்டாளிக்குத் தள்ளிவிட வேண்டும் என்று இன்னொரு போட்டி. (நம் கார் நிறுத்துமிடத்தில் சாயங்காலம் ஆடும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது விதியைச் சொல்லிக் கொடுத்தால் தேவலை. கண்ணாடிகளும் பிழைக்கும்.)

1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் அவர் பயிற்சியில் இந்தியா தங்கம் வென்றது. சொந்த ஊர் வெற்றி அது. மறு ஆண்டு ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று துவைத்து எடுத்தது. நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அன்று வெறுங்காலோடு ஆடினார்கள். வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிற ஊர்க்காரர்களான நமக்கு இது விநோதமாகத் தெரியாது. ஆனால் குளிர்நாட்டுப் புல்தரையில், பூட்ஸ் போட்ட எதிரிகளுக்கு நடுவே, அது எடுபடவில்லை. அதன் பிறகு பூட்ஸ் கட்டாயம் ஆனது. அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது ஹங்கேரி. முன்வரிசையின் நடுவில் நிற்க வேண்டியவர் பின்னால் இறங்கி வந்து பந்து வாங்கும் அவர்கள் பாணியை ரஹீம் நம் அணிக்குப் பழக்கினார்.

4 ஆண்டு கழித்து மெல்போர்ன் ஒலிம்பிக். ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே இந்தியா 4-2 என்று வென்றது. நெவில் டிசௌசா 3 கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு நாம்தான். அங்கே மறுபடியும் அதே யூகோஸ்லாவியா. முதல் கோலை அடித்தது இந்தியா! கடைசியில் 4-1 என்று தோற்றோம், பதக்கமும் கிடைக்கவில்லை. என்றாலும் 10-1 எங்கே, இது எங்கே. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சோடு 1-1 என்று சமன் செய்தோம்.

1962 ஆசிய விளையாட்டு ஜகார்த்தாவில். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை, சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இருந்த இந்தியரான ஜி.டி. சோந்தி கண்டித்துப் பேசினார். ஊரே நமக்கு எதிராகத் திரும்பியது. கூட்டம் இந்தியத் தூதரகத்துக்குள்ளேயே புகுந்தது. ஆட்டக்காரர்களுக்கும் இந்த வாக்குவாதத்துக்கும் சம்பந்தமே இல்லை. வசவு வாங்கியது அவர்கள்தான்.

களத்திலும் சோதனை. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் தடுப்பாட்டத் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். ரஹீம் ஒரு முடிவு எடுத்தார். ஜர்னைல் இளமையில் முன்வரிசையில் ஆடியவர் என்பது அவருக்குத் தெரியும். தலையில் கட்டோடு அவரை முன்வரிசைக்கே அனுப்பினார். அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்றபோது ஜர்னைலும் ஒரு கோல் போட்டார்.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். எதிரில் மறுபடியும் தென் கொரியா, 1956, 1960 இரண்டு ஆசியக் கோப்பைகளையும் வென்ற அணி. வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் வளர்ந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலிலிருந்து எழுந்து வந்து நின்றார். நம் தேசிய கீதத்துக்கே அரங்கம் கூச்சல் போட்டது. நமக்காகக் குரல் கொடுத்தவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி அணியினரும் இருந்தார்கள் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். முதல் 20 நிமிடங்களுக்குள் பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. கொரியா கடைசி நேரத்தில் ஒன்றைத் திருப்பியது. 2-1, தங்கம்.

ரஹீம் அப்போதே உடல்நலம் குன்றியிருந்தார். ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. 1963 ஜூன் 11-ல் புற்றுநோயால் காலமானார். வயது 53. ரோம் அணியில் இடம்பெற்ற அவர் மகன் ஹக்கீம் பின்னாளில் சர்வதேச நடுவர் ஆனார்.

1970-ல் பாங்காக்கில் நமக்கு ஒரு வெண்கலம் கிடைத்தது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா வாங்கிய கடைசிப் பதக்கம் அதுதான். ஒலிம்பிக் கால்பந்தில் 1960 ரோமுக்குப் பிறகு நம் அணி ஆடவே இல்லை.